காய்ச்சலே இல்லாமல் வந்த டிபி: டயாலிசிஸ் வார்டிலிருந்து ஒரு இழை

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில், தெருவில், சொந்தத்தில் யாராவது டயாலிசிஸ்ல இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. "கிரியாட்டினின் ஏறிக்கிட்டே போகுது"ன்னு டாக்டர் சொல்லியிருக்கிற ஆள் இருந்தா அவங்களுக்கு இன்னும் அவசியம். ஏன்னு பின்னாடி வர்றேன்.

நான் சிறுநீரக நிபுணர் கிடையாது. வெறும் எம்பிபிஎஸ். அரசு மருத்துவமனையில் வேலை. டயாலிசிஸுக்குன்னு பயிற்சி எடுத்துக்கிட்டு யூனிட்டையும் பார்த்துக்கிறேன். சந்தேகம் வந்தா மெடிக்கல் காலேஜ்ல இருக்கிற நெஃப்ராலஜிஸ்ட்டுக்கு போன் போடுவேன். அதனால இதைப் பெரிய நிபுணர் சொல்றதா எடுத்துக்க வேண்டாம். நான் பண்ணின ஒரு தப்புல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். ஆளை அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

அவருக்கு 50 வயசு இருக்கும். விசைத்தறி ஓட்டிக்கிட்டு இருந்தவர். சுகர்ல கிட்னி போய், ரெண்டு வருஷமா எங்ககிட்ட டயாலிசிஸ். ஒரு நாள்கூட லேட்டா வரமாட்டார். காலைல முதல் ஷிஃப்ட், ஜன்னலோரக் கட்டில்.

ஒரு நாள் மூச்சு வாங்குதுன்னார். லேசா இருமல். எக்ஸ்ரேல வலது பக்கம் கீழே நீர் கோத்திருந்தது. டயாலிசிஸ் நோயாளிக்கு நெஞ்சுல தண்ணின்னா எங்க மூளை ஒரே பக்கமாத்தான் ஓடும்: தண்ணி அதிகமா குடிச்சிருக்கார். யூரின் போகாத ஆளுக்குக் குடிக்கிறதெல்லாம் உடம்புலயே நிக்கும். அது நுரையீரல் வரைக்கும் ஏறும். தினமும் பார்க்கிற விஷயம்.

"அண்ணே, எத்தனை தடவைதான் சொல்றது? தண்ணியைக் குறைங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்களா?"

"இல்லீங்க சார், நாக்கு நனைக்கத்தான் குடிக்கறனுங்க."

நான் நம்பல. எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்கன்னு நினைச்சேன். மெஷின்ல எடுக்கிற தண்ணி அளவை ஏத்தினேன். ட்ரை வெயிட்னு ஒண்ணு வச்சிருப்போம். உடம்புல அதிகப்படி நீர் இல்லாதப்போ இருக்க வேண்டிய எடை அது. அதை அரை கிலோ, இன்னொரு அரை கிலோன்னு இறக்கிக்கிட்டே வந்தேன். அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சது. பாதி டயாலிசிஸ்ல பிரஷர் இறங்கி வேர்த்தது. மூச்சு வாங்கல் மட்டும் அப்படியே இருந்தது.

டிபியை நினைக்கலையான்னு கேப்பீங்க. நினைச்சேன். டெம்பரேச்சர் சார்ட்டைப் பார்த்தேன்: 97.6, 98, 97.8. காய்ச்சல் இல்லை. மாண்டோ போட்டுப் பார்த்தேன். மூணாவது நாள் கையில ஊசி குத்தின இடம் மட்டும்தான் தெரிஞ்சது, தடிப்பே இல்லை. சளியிலயும் கிருமி இல்லை. ஈஎஸ்ஆர் அதிகமா இருந்தது, ஆனா டயாலிசிஸ்ல இருக்கிற எல்லாருக்குமே அது அதிகமாத்தான் இருக்கும், அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. "டிபிக்கு ஆதாரம் இல்லை"ன்னு கேஸ் ஷீட்ல எழுதினேன். அது இன்னும் என் கையெழுத்துல அங்கயே இருக்கு.

ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. பிடிச்சது நான் இல்லை, எங்க டயாலிசிஸ் சிஸ்டர். ஒரு நாள் காலைல எடை பார்க்கும்போது, "சார், தண்ணின்னா எடுக்க எடுக்க மூச்சு குறையணும்ல? இவருக்குக் குறையலையே. எடைதான் குறையுது. சட்டையைப் பாருங்க"ன்னாங்க.

பார்த்தேன். காலர் எலும்பு தெரிஞ்சது. தோள்ல சட்டை ஹேங்கர்ல மாட்டின மாதிரி தொங்குச்சு. நான் குறைச்சுக்கிட்டே வந்த எடையில பாதி தண்ணி இல்லை, சதை. ட்ரை வெயிட்டை நானே இறக்கினதால அவர் இளைச்சுப் போறது சார்ட்ல வெற்றி மாதிரி தெரிஞ்சிருக்கு. அவர் வீட்டம்மா வெளியே பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. கேட்டா, "ரெண்டு மாசமா சோறே எறங்கலீங்க சார், உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலீங்க"ன்னாங்க.

அன்னைக்கே நெஞ்சுல ஊசி போட்டு நீர் எடுத்தோம். வைக்கோல் நிறத்துல வந்தது. புரதம் அதிகம், லிம்போசைட் நிறைய, ஏடிஏ அதிகம். நுரையீரல் உறையில டிபி. ரெண்டு மாசமா நான் மெஷின் போட்டு வத்த வைக்கப் பார்த்தது இதைத்தான்.

அந்த வாரம் எனக்குச் சரியா தூக்கம் வரல. தப்பு நடந்ததைவிட, நான் நம்பின மூணு விஷயம், அதாவது காய்ச்சல், மாண்டோ, சளி, மூணும் ஒண்ணா சேர்ந்து எப்படிப் பொய் சொல்லுச்சுங்கறதுதான் உறுத்துச்சு. புத்தகத்தை மறுபடி எடுத்தேன். எல்லாம் எம்பிபிஎஸ்ல படிச்சதுதான். ஒரு வரியில படிச்சு ஒரு வரியில மறந்தது.

விஷயம் இதுதான். காய்ச்சல் கிருமி உண்டாக்குறது இல்லை. கிருமியைப் பார்த்து நம்ம உடம்பு உண்டாக்குறது. மாண்டோ தடிப்பும் அப்படியே. டிபி கிருமியை ஏற்கனவே பார்த்துப் பழகின டி செல்கள் ஓடிவந்து அந்த இடத்துல கூடினாத்தான் தடிக்கும். ஆக இந்த ரெண்டும் நோயை நேரடியா அளக்கிற கருவி இல்லை. நோய் எதிர்ப்பு சக்தி போடுற சத்தத்தை அளக்கிற கருவி. சத்தம் போட வேண்டிய ஆளுக்கே தெம்பு இல்லைன்னா?

டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு அந்தத் தெம்புதான் குறைவு. ரத்தப் பரிசோதனையில வெள்ளையணு எண்ணிக்கை பெரும்பாலும் நார்மலாவே வரும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஆள் கணக்கு சரி, வேலைதான் நடக்காது. நியூட்ரோஃபில் கிருமி இருக்கிற இடத்துக்குப் போறது மந்தம், போனாலும் முழுங்கிக் கொல்றது மந்தம். கிருமியின் அடையாளத்தை டி செல்லுக்கு எடுத்துக் காட்ட வேண்டிய டென்ட்ரிடிக் செல்லும் சரியா காட்டாது. டி செல்களுக்கு உடம்போட நிஜ வயசைவிட பதினஞ்சு, இருபது வருஷம் கூடுதலா வயசாயிருக்கும்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. 40 வயசுக்காரர் உடம்புல 60 வயசு டி செல். பி செல் எண்ணிக்கையே குறையும்.

இதுல விசித்திரம் என்னன்னா, அதே உடம்புல அழற்சி எப்பவும் லேசா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். சிஆர்பி, இன்டர்லூக்கின்-6 எல்லாம் நார்மலுக்கு மேலயே நிக்கும். எங்க தெருவுல ஒரு நாய் இருக்கு. ராத்திரி முழுக்க காரணமே இல்லாம குரைக்கும். யாரும் எழுந்து பார்க்கிறதில்லை. ஒரு நாள் நிஜமாவே ரெண்டு சைக்கிள் திருடு போச்சு, அன்னைக்கும் அது குரைச்சுதானாம். டயாலிசிஸ் நோயாளியின் எதிர்ப்பு சக்தியை நினைச்சா எனக்கு அந்த நாய்தான் ஞாபகம் வரும். சும்மா இருக்கும்போது சத்தம், திருடன் வந்தப்போ பிரயோஜனம் இல்லை.

ஏன் இப்படி? டயாலிசிஸ் கிட்னியோட வேலையில ஒரு பங்கைத்தான் செய்யுது. கிட்னி வாரத்துக்கு 168 மணி நேரமும் ஓடும். மெஷின் 8 அல்லது 12 மணி நேரம். யூரியா மாதிரி சின்ன மூலக்கூறுகளை அது நல்லா வெளியே எடுத்துடும். புரதத்தோட ஒட்டிக்கிட்டிருக்கிற நச்சுகள், இன்டாக்ஸில் சல்ஃபேட், பி-கிரெசில் சல்ஃபேட்னு பேர், அதெல்லாம் லேசுல வராது. ரத்தத்துலயே தங்கி வெள்ளையணுக்களை மந்தமாக்கும். குடல் சுவர் வீங்கிப்போய், உள்ள இருக்கிற பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்துக்குள்ள கசியும். இதோட சுகர், சத்துக்குறைவு, அடிக்கடி ரத்தம் ஏத்தறது எல்லாம் சேர்ந்துக்கும்.

மெஷினுக்கும் இதுல பங்கு உண்டு. டயாலைசர்ல இருக்கிற சவ்வை ரத்தம் தொடும்போது உடம்பு அதை அந்நியமாத்தான் பார்க்கும். பழைய காலத்து செல்லுலோஸ் சவ்வுல டயாலிசிஸ் ஆரம்பிச்ச அரை மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல வெள்ளையணு எண்ணிக்கை சடார்னு இறங்கும். செல்கள் எல்லாம் உசுப்பப்பட்டு நுரையீரல் ரத்தக்குழாய்ல போய் ஒட்டிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வரும். இப்ப வர்ற பாலிசல்ஃபோன் சவ்வுல இது ரொம்பக் குறைவு. அப்புறம் தண்ணி. நாலு மணி நேர டயாலிசிஸ்ல, நிமிஷத்துக்கு 500 மில்லி கணக்குல, 120 லிட்டர் திரவம் அந்த மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுது. நீங்களும் நானும் ஒரு மாசத்துலகூட அவ்வளவு குடிக்க மாட்டோம். அதுல பாக்டீரியா நச்சு கொஞ்சம் இருந்தாக்கூட அழற்சி கூடும். அதனாலதான் ஆர்ஓ பிளான்ட் சுத்தத்துக்கு நாங்க அவ்வளவு சண்டை போடறோம். ஆர்ஓ டெக்னீஷியனை யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை, பாராட்டணும்.

சத்தம் போடாத எதிர்ப்பு சக்தின்னா என்னன்னு எனக்குத் தெளிவா புரிய வச்சது ஒரு பழைய கட்டுரை. 1969-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்தது. ஃபிலடெல்ஃபியாவுல இருந்த பரூக் புளூம்பெர்க் குழு எழுதினது. ஹெபடைடிஸ் பி வைரஸோட மேற்பரப்புப் புரதத்தைக் கண்டுபிடிச்சு 1976-ல நோபல் பரிசு வாங்கினவர்தான் இவர். ஒரு டயாலிசிஸ் யூனிட்ல மஞ்சள் காமாலை பரவியிருந்தது. நோயாளிகளுக்கும் வந்தது, வேலை பார்த்த ஊழியர்களுக்கும் வந்தது. ரெண்டு தரப்புக்கும் ஒரே நோய், ஒரே இடம். ஊழியர்களுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, படுத்து எழுந்து, ரத்தத்துல இருந்து வைரஸ் போயிடுச்சு. நோயாளிகளுக்கோ பெருசா ஒண்ணுமே இல்லை. மஞ்சள்கூட தெரியல. ஆனா வைரஸ் மட்டும் ரத்தத்துல தங்கிடுச்சு.

யார் பாவம்? பார்க்கிறதுக்கு ஊழியர்தான். உண்மையில மஞ்சள் காமாலைங்கறதே நம்ம டி செல்கள் வைரஸ் புகுந்த கல்லீரல் செல்களை அழிக்கிறதால வர்றது. சண்டை நடந்தா வீடு சேதமாகும், ஆனா திருடன் வெளியே போவான். டயாலிசிஸ் நோயாளி வீட்டுல சண்டையே நடக்கல. திருடன் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சுட்டான். நல்ல ஆரோக்கியமான பெரியவங்க ஹெபடைடிஸ் பி வந்தா 100-க்கு 95 பேர் தானாகவே வைரஸை விரட்டிடுவாங்க. டயாலிசிஸ்ல இருக்கறவங்க பலருக்கு அது நிரந்தரமாத் தங்கிடும்.

இப்ப முதல்ல சொன்ன, கிரியாட்டினின் ஏறிக்கிட்டிருக்கிற ஆட்களுக்கு வர்றேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சாதாரண ஆளுக்கு மூணு டோஸ், ஒவ்வொண்ணும் 20 மைக்ரோகிராம். டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டிப்பு, அதாவது ஒரு தடவைக்கு 40 மைக்ரோகிராம், நாலு தடவை: ஆரம்பத்துல, 1-ம் மாசம், 2-ம் மாசம், 6-ம் மாசம். இவ்வளவு போட்டும் கணிசமான பேருக்கு எதிர்ப்பொருள் வராது. தடுப்பூசியும் ஒரு பாடம்தானே, படிக்க வேண்டிய செல் தூங்கினா என்ன பண்ண? கிட்னி முழுசா போறதுக்கு முன்னாடியே போட்டா நல்லா வேலை செய்யும். அதனால டயாலிசிஸ் வேணுமா வேணாமான்னு குடும்பத்துல பேச்சு நடக்கிற கட்டத்துலயே ஊசியை ஆரம்பிச்சிடுங்க. "இப்பவே எதுக்கு, அது வரும்போது பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட்டு, எங்ககிட்ட கழுத்துல லைனோட வந்து சேர்ற ஆட்கள்தான் அதிகம். புஜத்துல போடணும், இடுப்புல கூடாது. கடைசி டோஸ் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல டைட்டர் பார்க்கணும். 10-க்குக் கீழ இருந்தா ஊசி போட்டும் பாதுகாப்பு இல்லைன்னு அர்த்தம். ஊசி போட்டாச்சுன்னு சொல்ற பலர்கிட்ட டைட்டர் எவ்வளவுன்னு கேட்டா முழிக்கிறாங்க. அவங்க தப்பு இல்லை, நாங்க சொல்லாம விட்டது.

கழுத்து லைன்னு சொன்னேன்ல, அதைப் பத்தியும் சொல்லிடறேன். தோல்தான் நமக்கு மதில் சுவர். உள்ள காவல் பலவீனமா இருக்கிற ஆளுக்கு அந்தச் சுவருலயும் ஓட்டை போட்டு, இதயத்துக்குப் பக்கத்துல போற குழாயை மாசக்கணக்கா வச்சிருந்தா என்ன ஆகும்? கையில போடுற ஃபிஸ்டுலாவைவிட லைன்ல ரத்தத்துல கிருமி சேர்ற ஆபத்து பல மடங்கு. டயாலிசிஸ் நோயாளிகள் இறக்கறதுக்கு முதல் காரணம் இதய நோய், அடுத்தது நோய்த்தொற்று. "கையில வெட்டுனா வேலை செய்ய முடியாது டாக்டர், கழுத்துலயே இருக்கட்டும்"னு சொல்றவங்க தயவுசெஞ்சு இன்னொரு தடவை யோசிங்க.

லைன் இருக்கிறவருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டு நடுங்கினா, லைன்ல கிருமின்னு சந்தேகப்படணும். வீட்டுக்குப் போனபிறகு நடுங்கினாலும் உடனே டயாலிசிஸ் பண்ற இடத்துக்கு போன் பண்ணுங்க. பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி போட்டுக்கிட்டு அடுத்த ஷிஃப்ட்டுக்கு வர்றவங்களைப் பார்த்தா எனக்கு அழுகைதான் வரும். ஆன்டிபயாடிக் போறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து கல்ச்சர் அனுப்பினாத்தான் எந்தக் கிருமின்னு தெரியும். அப்புறம் அந்த லைன் டயாலிசிஸுக்கு மட்டும்தான். குளுக்கோஸ் ஏத்த, ரத்தம் எடுக்க யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டாலும் சரி. ஃபிஸ்டுலா இருக்கறவங்க மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் கையை சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க.

காய்ச்சல் கணக்கு. இவங்கள்ல பலருக்கு உடம்புச் சூடே மத்தவங்களைவிடக் குறைவு. நல்லா இருக்கிற நாள்கள்ல வீட்டுல டெம்பரேச்சர் எடுத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. எப்பவும் 97 இருக்கிற ஆளுக்கு 99 வந்தா அதை நான் காய்ச்சலாத்தான் எடுத்துக்குவேன். டெம்பரேச்சர் ஏறாமலேயே பசி போச்சு, சட்டை லூஸ் ஆச்சு, சும்மாவே படுத்துக்கிறார், பேச்சு முன்னப்பின்ன வருதுன்னா அதுவும் எனக்குக் காய்ச்சல்தான். திட்டுவாங்கன்னு பயந்து மறைக்காதீங்க. திட்டினா திட்டிட்டுப் போறாங்க. நான் இப்ப திட்டறதைக் குறைச்சிருக்கேன்.

டிபி இவங்களுக்குப் பல மடங்கு அதிகமா வரும், அதுவும் நுரையீரலுக்கு வெளியே, நெறிக்கட்டி, உறை, வயிறுன்னு ஒளிஞ்சு வரும். 2021-ல வந்த தேசிய டிபி தடுப்பு சிகிச்சை வழிகாட்டுதல்ல டயாலிசிஸ் நோயாளிகளையும் சேர்த்திருக்காங்க. உடம்புல டிபி இல்லைன்னு நல்லா உறுதி பண்ணிட்டு, வராம இருக்க மாத்திரை கொடுக்கலாம். உங்க யூனிட்ல கேளுங்க.

சாப்பாடு பத்தி ஒண்ணே ஒண்ணு, ஏன்னா இதுல நடக்கிற குழப்பம் ஏராளம். டயாலிசிஸுக்கு முன்னாடி "பருப்பு, முட்டை, கறி குறைங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. டயாலிசிஸ் ஆரம்பிச்சதும் அது தலைகீழாகும். ஒவ்வொரு தடவையும் மெஷின் வழியா சில கிராம் அமினோ அமிலம் வெளியே போகுது. எடையில கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரைக்கும் புரதம் தினமும் வேணும். எதிர்ப்பொருளே புரதம்தானே, அரிசிக் கஞ்சியில இருந்து எப்படி வரும்? அந்தப் பழைய பத்தியத்தையே வருஷக்கணக்கா பிடிச்சுக்கிட்டு மெலிஞ்சு போறவங்க இருக்காங்க. தறிக்காரர் வீட்டுலயும் அதான் நடந்தது. "முட்டை கூடாதுன்னு முதல் டாக்டர் சொன்னாருங்க." அந்த முதல் டாக்டர் சொன்னது அன்னைக்குச் சரி. மாறிப்போச்சுன்னு அடுத்து வந்த நாங்க யாரும் சொல்லலை. இப்ப அவருக்கு தினமும் மூணு முட்டை வெள்ளைக்கரு. பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அவர் டிபி மாத்திரையை முழுசா முடிச்சுட்டார். டயாலிசிஸ் நாள்ல மெஷின்ல இருந்து எடுத்தபிறகு எங்க கண் முன்னாடியே முழுங்குவார், முன்னாடி கொடுத்தா சில மருந்தை மெஷினே எடுத்துக்கும். நெஞ்சுல நீர் வத்திடுச்சு. ட்ரை வெயிட்டை நாலு கிலோ ஏத்தியிருக்கேன், இந்தத் தடவை சந்தோஷமா. அந்த சிஸ்டர் இப்ப வேற ஊருக்கு மாற்றலாகிப் போயிட்டாங்க.

அவரோட ஹெபடைடிஸ் பி டைட்டர் போன வாரம் வந்தது. நாலு டோஸும் இரட்டிப்பா போட்டிருந்தோம். ரிசல்ட் 4. அதாவது ஒண்ணும் இல்லை. விதிப்படி இன்னொரு சுத்து முதல்ல இருந்து போடணும், அதுவரைக்கும் மாசாமாசம் வைரஸ் இருக்கான்னு பார்க்கணும். சொன்னேன்.

"அப்ப இத்தன ஊசியும் வீணுங்களா சார்?"

"போன தடவை உங்க உடம்புல டிபியும் இருந்துச்சுண்ணே. இப்ப சாப்பிடறீங்க, எடை ஏறியிருக்கு. பார்ப்போம்."

வியாழக்கிழமை முதல் டோஸ், ஃபிஸ்டுலா இல்லாத கையில. கடைசி டோஸ் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு மறுபடி டைட்டர். 10-ஐத் தாண்டினா இதே இழையில வந்து எழுதறேன். தாண்டலைன்னாலும் எழுதறேன்.